குமரி மாவட்டத்தைக் காரில் சுற்றிப் பார்க்க: கட்டண இடங்களும் கைச்செலவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தக்கலையில் வீடு இருப்பவனுக்கு மே மாதமும் டிசம்பர் மாதமும் உறவினர்களின் மாதங்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் வந்து இறங்கும்; எங்கே போகலாம், எங்கே காசு கேட்பார்கள், மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற கேள்விகளும் கூடவே வந்து இறங்கும். பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தைப் பார்த்து முடிக்க எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு முழு நாள்களும் இரண்டு இரவுகளும் போதும். மூன்றாவது நாள் கிடைத்தால் காட்டுப் பக்கம் போகலாம். நாள்களின் எண்ணிக்கையைவிட அவற்றைத் திசைவாரியாகப் பிரிப்பதே முக்கியம். கடல் கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலுமாக வளைந்து கிடக்க, மலை வடக்கே நிற்கிறது. காலையில் கன்னியாகுமரியில் படகேறிவிட்டு, மதியம் திற்பரப்பு அருவியில் குளித்து, மாலையில் முட்டம் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று வரைபடத்தை வைத்துத் திட்டமிடுபவர்கள் நாளில் பாதியைக் காருக்குள்ளேயே கழிப்பார்கள். நாகர்கோவிலிலிருந்து திற்பரப்பு நாற்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தூரம்தான் என்றாலும், வழி நெடுக ஊருக்கு ஊர் இடைவெளியே இல்லாமல் வீடுகள், சந்திப்புகள், பள்ளிகள், கனிமப் பாரம் ஏற்றிய டாரஸ் லாரிகள் என்று வரிசையாக வருவதால் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். ஆகவே ஒரு நாளைக் கடலுக்கும் ஒரு நாளை மலைக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு இரவும் நாகர்கோவிலிலோ தக்கலையிலோ தங்குவதே என் பரிந்துரை. கன்னியாகுமரியில் சூர்யோதயம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஓர் இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மாவட்டம் இது. மழை அருவியை அழகாக்கும். அதே மழைதான் அருவிக்குப் போகும் கதவையும் மூட வைக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் கடல் கொந்தளிப்பால் படகுப் போக்குவரத்து அடிக்கடி நிற்கும். அக்டோபர், நவம்பரில் கனமழை பெய்தால் அருவியில் குளிக்கத் தடை வரும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைக்குச் செல்லும் பக்தர்களின் கூட்டம் கன்னியாகுமரியில் நிறைந்திருக்கும். இந்த மூன்றையும், அருவி மெலியும் கோடையையும் தவிர்த்துப் பார்த்தால், ஜனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியுமே ஏற்றவை. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் கன்னியாகுமரி முனையிலிருந்து சூரியன் கடலுக்குள் மறைவதைக் காண முடியும் என்பதும் பிப்ரவரிக்குச் சாதகமானது.

ஓர் எச்சரிக்கை: மகா சிவராத்திரிக்கு முந்தைய நாளும் அன்றும் கல்குளம், விளவங்கோடு பகுதிச் சாலைகளில் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களைக் காவி உடுத்திய பக்தர்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று அழைத்தபடி ஓடியே தரிசிப்பார்கள். அவர்களைக் காண வருகிறீர்கள் என்றால் நல்லது. அருவியைக் காண வருகிறீர்கள் என்றால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று திற்பரப்பு அருவிக்கரையிலேயே இருக்கிறது.

இயற்கை இடங்களுக்கு எதற்காகக் கட்டணம்? எங்கெல்லாம் கேட்பார்கள்?

வசூலிப்பவர் யார் என்று தெரிந்துகொண்டால் குழப்பம் பாதி தீரும். திற்பரப்பு அருவியிலும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கின்றன. காளிகேசத்திலும், புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைப் பல்லுயிரினப் பூங்காவிலும் வனத்துறை வசூலிக்கிறது. விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகுக்குத் தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் சீட்டுக் கொடுக்கிறது. பாறையில் இறங்கியதும் நினைவு மண்டபத்துக்கென ஒரு சிறு நுழைவுச்சீட்டுத் தனியாக உண்டு. ஒரே இடத்தில் இரண்டு முறை காசு கேட்கிறார்களே என்று கோபப்படுபவர்கள், அவை இரண்டும் வெவ்வேறு கைகள் என்பதை அறிந்தால் சமாதானமாவார்கள்.

கட்டணம் மூன்று வகையாக வரும்: ஆளுக்கு, வண்டிக்கு, கேமராவுக்கு. ஆளுக்கான சீட்டு பெரும்பாலும் மிகச் சிறியது. திட்டத்தில் விடுபட்டுப்போவது வண்டிக்கானது. வாகன நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சிகள் ஏலத்தில் குத்தகைக்கு விடுவதால், தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே சென்ற ஆண்டு வந்தவர் சொன்ன தொகையை நம்பிச் சண்டையிட வேண்டாம். நுழைவாயிலில் எழுதியிருக்கும் பலகையைப் பார்த்து, அச்சிட்ட ரசீதை வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீதை உடனே கசக்கி எறிந்துவிடவும் வேண்டாம். வண்டி வெளியே வரும்போது இன்னொரு பையன் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, வண்டிக்குச் சீட்டு எடுத்தாச்சா?" என்று கேட்பான்.

கட்டணமில்லாத இடங்கள் இவற்றைவிட அதிகம். மருத்துவாழ் மலை ஏறுவதற்கும், தேரூர், சுசீந்திரம் குளங்களில் பறவை பார்ப்பதற்கும் (இந்த நீர்நிலைத் தொகுதி 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது), சொத்தவிளை, சங்குத்துறை, தேங்காய்ப்பட்டணம் கடற்கரைகளில் நடப்பதற்கும் ஆளுக்கென்று சீட்டு இல்லை.

விவேகானந்தர் பாறைக்குச் சாதாரணச் சீட்டு எடுப்பதா, சிறப்புச் சீட்டு எடுப்பதா?

படகுத்துறையில் இரண்டு வரிசைகள் உண்டு. சிறப்பு வரிசைக்கான கட்டணம் சாதாரணச் சீட்டைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். படகு ஒன்றுதான், கடல் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். நீங்கள் வாங்குவது காத்திருப்பு நேரத்தை மட்டுமே. வேலை நாளில் காலை எட்டு மணிக்கு முதல் படகு புறப்படுவதற்கு முன்பே வந்து நின்றால் சாதாரண வரிசையே விரைவாக நகரும். டிசம்பர் கடைசி வாரத்தில் பதினோரு மணிக்கு வந்து நின்றால் வெயிலில் மணிக்கணக்காக நிற்க நேரிடும். அப்படியொரு நாளில் முழங்கால் வலியுள்ள மாமியாரோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் சிறப்புச் சீட்டுக்குத் தயங்க வேண்டாம். மற்றபடி ஐந்து பேருக்கும் அந்தச் சீட்டு எடுத்தால், அந்த ஒரு வரிசையே உங்கள் மொத்தச் சீட்டுப் பணத்தில் பாதியை விழுங்கிவிடும்.

படகு மாலை நான்கு மணியோடு நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் உள்வாங்கினால் காலையில் படகு தாமதமாகவே புறப்படும். ஆகவே நாள்காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது. 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு முன்பெல்லாம் படகில்தான் போக வேண்டியிருந்தது; கடல் சற்று முரண்டினாலும் அந்தப் பயணத்தை நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டபின் விவேகானந்தர் பாறையிலிருந்து நடந்தே போகலாம். கீழே அலை மோதுவது கண்ணாடி வழியாகத் தெரியும். என் சித்தி கடைசிவரை கீழே பார்க்கவே இல்லை, எதிரே நின்ற வள்ளுவரைப் பார்த்தபடியே பாலத்தைக் கடந்தார்.

திற்பரப்பில் காசு வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் அனுபவத்தில் பதில் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டிக்குச் சீட்டு, ஆளுக்குச் சீட்டு எல்லாம் எடுத்து, மாற்று உடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியபோதுதான் அருவிக்கு முன்னால் கயிறு கட்டியிருப்பது தெரிந்தது. பால்போல் விழ வேண்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறை முழுவதையும் மறைத்துக்கொண்டு இரைந்தது. பார்க்க அற்புதம்தான், குளிக்க வந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. குளிக்கத் தடை என்பதைச் சீட்டு கொடுத்தவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணம் எளிது. திற்பரப்பில் சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுவது கோதையாறு. அதன் மேலே பேச்சிப்பாறை அணை இருக்கிறது. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 48 அடி. நீர்மட்டம் நாற்பதுகளின் நடுப்பகுதியை நெருங்கும்போது மறுகால் வழியாக உபரிநீரைத் திறப்பார்கள். அந்த நீர் நேராக அருவிக்கு வரும். உடனே குளிக்கத் தடை விதிப்பார்கள். ஆகவே மழைக்காலத்தில் திற்பரப்புக்குப் புறப்படுமுன், உள்ளூர் நாளிதழ்களில் தினமும் வெளிவரும் அணை நீர்மட்டச் செய்தியில் பேச்சிப்பாறை என்ற வரியைப் பாருங்கள். அணை நிறைந்திருந்து, மலையில் இரவு முழுவதும் மழையும் பெய்திருந்தால், அன்று பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்விட்டு அருவியை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். கோடையில் இதற்கு நேர்மாறான சிக்கல்: தண்ணீர் மெலிந்து, இருக்கும் ஓரிரு தாரைக்கு அடியில் முழுக் கூட்டமும் நிற்கும். அப்படியான நாளில் காலை ஒன்பது மணிக்குள் குளித்துக் கரையேறிவிட வேண்டும்.

அருவிக்கு மேலே தடுப்பணையில் படகு சவாரி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம். தென்னையும் ரப்பரும் கரையில் நிற்க, தண்ணீர் அசையாமல் கிடக்கும் அந்த இடம் அருவியைவிட எனக்குப் பிடிக்கும். அருவி மூடியிருக்கும் நாளில் படகும் ஓடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அது இயற்கை இடம் அல்லவே?

இல்லைதான், ஆனால் இயற்கையைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மேடை இந்த மாவட்டத்தில் இல்லை. பரளியாற்றுக்கு மேலே, இரு குன்றுகளுக்கு நடுவே, பட்டணங்கால்வாயின் தண்ணீரை 28 தூண்களின் மேல் தொட்டிபோல் சுமந்து செல்லும் பாலம் இது. காமராசர் ஆட்சிக்காலத்தில் திட்டமிடப்பட்டு 1966-இல் முடிந்தது. ஆற்றிலிருந்து உயரம் 115 அடி, நீளம் 1,204 அடி. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்கே அகலமான நடைபாதையில், ஒரு பக்கம் தொட்டிக்குள் வாய்க்கால் ஓடும் சத்தமும் மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னை மரங்களின் தலைகளுமாக நடக்க வேண்டும். தென்னையின் உச்சியை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. எதிரே வருபவருக்கு வழிவிட உடம்பை ஒடுக்கும்போதுதான் உயரம் மனத்தில் உறைக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் பாலத்தில் ஏறாமல், படிக்கட்டில் இறங்கி ஆற்றங்கரையிலிருந்து தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். சீட்டு மிகச் சிறிய தொகை. ஏறி இறங்க ஒரு மணி நேரம் ஆகும்.

காளிகேசம், உலக்கை அருவி போன்ற காட்டு இடங்களுக்கு நாமே காரில் போகலாமா?

காளிகேசத்துக்குப் போகலாம். பூதப்பாண்டி வழியாகக் கீரிப்பாறை வந்து, அரசு ரப்பர் தோட்டங்களைக் கடந்தால் வனத்துறைச் சோதனைச்சாவடி வரும்; ஆளுக்கும் வண்டிக்கும் அங்கேயே சீட்டு எடுக்க வேண்டும். மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்பதால் காலையிலேயே போவதுதான் செலுத்தும் காசுக்கு நியாயம். மேலே மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் திடீரென்று உயரும். காவலர் 'இறங்காதீங்க' என்றால் மறுபேச்சு வேண்டாம். அழகியபாண்டியபுரத்துக்கு அப்பால் உள்ள உலக்கை அருவிக்கு வண்டி போகாது, காட்டுக்குள் நடந்து ஏற வேண்டும், மழை இல்லாத மாதங்களில் அங்கே நீரும் இருக்காது. வெளியூரிலிருந்து சிறுபிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறந்திருக்குமா?

திறந்திருக்காது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரள அரசின் தொல்லியல் துறையிடம் உள்ளது; திங்கள் விடுமுறை. மதிய இடைவேளையும் உண்டு. கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

கட்டணமில்லாத கடற்கரைகளில் இறங்கிக் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம்; குளிக்க வேண்டாம். எங்கள் மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்றொரு சொல்லை வைத்திருக்கிறார்கள். தொலைதூரத் தென்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பும் அலைகள், இங்கே காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் சத்தமின்றி வந்து கரையில் ஏறும். திருடன் வருவதுபோல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது இத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். கரையில் சிவப்புக் கொடியோ காவலரோ இருந்தால் சொல்பேச்சு கேளுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், வலை இழுத்துக்கொண்டிருப்பவரிடம் 'கடல் எப்படி இருக்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வண்டிச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

நாகர்கோவிலை மையமாக வைத்தால் மலைச் சுற்று (தக்கலை, திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு, பேச்சிப்பாறை, திரும்பல்) ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கடல் சுற்று (சுசீந்திரம், கன்னியாகுமரி, வட்டக்கோட்டை, சொத்தவிளை வழியே திரும்பல்) எழுபது சொச்சம். வழிதவறல்களுக்கும் சேர்த்து 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து வந்து போக 480. மொத்தம் 680 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 45 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் 4,600 ரூபாயை நெருங்கும்.

நான்குவழிச்சாலையில் நாங்குநேரி உள்ளிட்ட சுங்கச்சாவடிகளைத் தாண்டி வர வேண்டும். ஃபாஸ்டேக்கில் இருப்புத் தீர்ந்திருந்தால் யு.பி.ஐ. வழியாக ஒன்றேகால் மடங்கு என்ற விதி 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதால், கிளம்பும் முன் இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் வரை ரயிலிலோ விமானத்திலோ வந்து வாடகைக் காரில் வருபவர்கள், களியக்காவிளை எல்லையைத் தாண்டுவதற்கான பெர்மிட் தொகை வாடகைக்குள் அடங்குமா, தனியா என்பதை வண்டியில் ஏறும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கட்டணங்களுக்கு மட்டும் எவ்வளவு ஒதுக்கலாம்?

பின்வருபவை விலைகள் அல்ல, நான் உறவினர்களுக்குச் சொல்லும் ஒதுக்கீடுகள். கடல் நாளுக்குப் படகும் பாறை நுழைவும் சேர்த்து ஆளுக்கு 150 என்று 750. மலை நாளுக்கு அரண்மனை, பாலம், அருவி மூன்றுக்கும் ஆளுக்கு 150 என்று இன்னொரு 750. தடுப்பணைப் படகுக்கு 500. எட்டு இடங்களில் வண்டி நிறுத்த, இடத்துக்கு 50 என்று 400. கேமராவுக்கு 200. மொத்தம் 2,600 ரூபாய். சாதாரணச் சீட்டுகளோடு போனால் இதில் கொஞ்சம் மிஞ்சவே செய்யும்.

பெட்ரோலில் ஏறக்குறைய பாதிதான் இது என்பதைக் கவனியுங்கள். பத்து ரூபாய்ச் சீட்டை மிச்சப்படுத்த வாயிலில் வாதாடுபவர், படகு நின்ற பிறகு கன்னியாகுமரிக்கு வந்து, மறுநாள் மீண்டும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டும்போது அதைப்போலப் பல மடங்கை எரிக்கிறார். கூடுதலாக ஓர் இரவு தங்க நேர்ந்தால் மொத்தச் சீட்டுப் பணமும் அறை வாடகையிலேயே போய்விடும். நம் ஊரில் சீட்டு மலிவு, மூடிய கதவுதான் விலை கூடியது என்று நான் சொல்வது இதனால்தான்.

யு.பி.ஐ. போதுமா, ரொக்கம் வேண்டுமா?

கன்னியாகுமரியில் சிரமம் இராது. மலைப் பக்கத்தில் கைபேசி சிக்னல் சில வளைவுகளில் அறவே இராது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் வண்டியில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சீட்டு கிழிப்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை நன்றாக இராது.

மிஞ்சிய பணத்தில் ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

சிப்பி மாலைகளை வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பேரம் பேசுங்கள் என்று மட்டும் சொல்வேன். என் வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் மட்டிப்பழம் வாங்கித் தருவேன். விரல் அளவே இருக்கும், சற்றே வளைந்த, மணம் மிகுந்த இந்தப் பழத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவார்கள். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழுத்த சீப்பை வாங்கினால் மதுரை போவதற்குள் குழைந்துவிடும். ஆகவே காம்பில் பச்சை மாறாத சீப்பாகக் கேட்டு வாங்கி, டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைக்காமல், பின் இருக்கையில் யாருடைய மடியிலாவது கொடுத்துவிடுங்கள்.